பத்து விரலில் பத்துப் பச்சை

சாயல்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருப்பவர் செல்லச்சாமி. முறுக்கு மீசை, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. அவர் வரப்பில் வருவதைக் கண்டாலே உப்பு அள்ளுபவர்கள் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். சர்க்கரை கூடிவிட்டது, சைக்கிள் மிதியுங்கள் என்று டாக்டர் சொன்னதால், துபாய்க்குக் கிளம்பிக்கொண்டிருந்த நுஃமானிடம் ஒரு பழைய மௌண்டன் பைக்கை வாங்கினார். அந்தப் பக்கம் மலை என்று பார்த்தால் அளத்தில் குவித்த உப்பு அம்பாரம்தான். அதுபற்றி அவருக்குக் கவலையில்லை. மேல் கம்பியில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல் இருந்தது. கவலையெல்லாம் அதுதான்.

“பனைமரத்துல ஒரசிருச்சு மாமா. வண்டிக்கு ஒண்ணும் ஆகாது” என்றான் நுஃமான்.

“உப்புக்காத்து மாப்ள. பெயிண்டு போன எடத்துலதான் மொத துரு ஏறும். அப்புறம் கம்பியையே தின்னுரும்.”

பெயிண்ட் கடையில் வண்டியின் பச்சை இல்லை. கிளிப்பச்சையும் இல்லாமல் பாசிப்பச்சையும் இல்லாமல் ஒரு பச்சை. சின்னக் கீறலுக்கு நகப்பூச்சே போதும் என்று கடைக்காரர் ஃபேன்சி ஸ்டோருக்கு அனுப்பிவிட்டார்.

ஃபேன்சி ஸ்டோர் அஸ்பியா பச்சைப் பாட்டில்களை எல்லாம் எடுத்துப் பரப்பினாள். “பாட்டில்ல ஒரு கலர் தெரியும், காஞ்சா வேற கலர். பூசித்தான் பாக்கணும் மாமா.”

“அப்ப வண்டியிலேயே பூசும்மா.”

“சேரலைன்னா அழிக்கணும்ல? அழிக்கிற தண்ணி இருக்கிற பெயிண்டையும் சேத்து எடுத்துரும். வெரலை நீட்டுங்க.”

நியாயமாகப் பட்டது. நீட்டினார். பத்து விரலுக்கும் பத்துப் பச்சை. வெயிலில் கம்பியோடு ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்ததில் இடது மோதிர விரல் அச்சாகப் பொருந்தியது. அந்தப் பாட்டிலை வாங்கிக்கொண்டார். நகப்பூச்சை அழிக்கிற தண்ணி மட்டும் தீர்ந்துபோயிருந்தது. அடுத்த வாரம்தான் வருமாம்.

வீட்டுக்கு வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பூசினார். காய்ந்த பிறகு கீறல் எங்கே இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

மறுநாள் டீக்கடையில் கிளாசுக்குக் கையை நீட்டியபோது எல்லார் கண்ணும் அவர் நகங்களுக்குப் போனது.

“வேண்டுதலா?” என்று மெதுவாகக் கேட்டார் டீக்கடை சேதுபதி.

“வண்டியில கீறல். அதுக்குக் கலர் பாத்தேன்.”

“எங்கன கீறல்?”

காட்டினார். எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவர் தடவியும் பார்த்தார். “ஒண்ணுத்தையும் காணோமே.”

அளத்தில் ராமலெட்சுமி, “இந்தக் கலரை எங்கன வாங்குனீக?” என்று கேட்டபோது மற்ற பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. துபாய்க்காரன் சொல்லிக்கொடுத்த சர்க்கரை வைத்தியம் அது. அஸ்பியா கடைக்கு இரண்டு பேர் வந்து பச்சை கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கு அதற்குள் கால் எரிச்சல் குறைந்துவிட்டதாம்.

செல்லச்சாமிக்குப் பொறுக்கவில்லை. டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி போனை ஸ்பீக்கரில் போட்டு, துபாய்க்குப் போய்விட்ட நுஃமானைக் கூப்பிட்டார்.

“மாப்ள, வண்டியில கீறல் இருந்துச்சா, இல்லையா? சொல்லு.”

குறை சொல்லி வண்டியைத் திருப்பப் பார்க்கிறார் என்று நுஃமான் பயந்துவிட்டான். “கீறலா? என்ன மாமா இப்படிச் சொல்றீக? அல்லாவுக்குப் பொதுவா, வண்டி புதுசு மாதிரில்ல குடுத்தேன்!”

கடையில் ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. செல்லச்சாமி மடியிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தார். மேல் கம்பியில் வைத்து அழுத்தி ஒரே இழுப்பு.

“இந்தா. இப்படித்தான் இருந்துச்சு. இப்பத் தெரியுதா?”

“நல்லாத்தானய்யா இருந்துச்சு வண்டி” என்றார் சேதுபதி, நிஜமான வருத்தத்தோடு.

அன்று இரவு அவர் மனைவி வீரலட்சுமி பச்சைப் பாட்டிலைத் திறக்கப் போனாள். “அது வேணாம்” என்று தடுத்தார். “ஒன்னோட செவப்பை எடு. இனிமே எவனும் எங்கன கீறல்னு கேக்கக் கூடாது.”

வீரலட்சுமி தடிப்பாக, பளிச்சென்று ஒரு சிவப்புக் கோடு போட்டுக் கொடுத்தாள்.

காலையில் சேதுபதி அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இது எந்த வியாதிக்கு?” என்று கேட்டார்.

செல்லச்சாமி பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு அளத்துக்கு மிதித்தார்.