பேக்கரி வாசலில் நின்ற கார்

செவெரின் கொத்துல்ஸ்கிக்குக் கார் ஓட்டத் தெரியாது. கார்கள் எங்கே நிற்கின்றன என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் அவருக்கு வேலை. எங்கள் நிறுவனம் கார்களுக்கான வழிகாட்டி மென்பொருள் செய்கிறது. திரையில் கார் தப்பான இடத்தில் தெரிகிறது என்று யார் புகார் கொடுத்தாலும் அது செவெரினின் மேசைக்குத்தான் வரும். ஓட்டுநர் தேர்வில் பலமுறை தோற்றவர். கடைசி முறை, தேர்வாளர் திரும்பச் சொன்ன இடது பக்கத் தெரு வரைபடத்திலேயே இல்லை என்று வாதாடி, வண்டியை நடுச்சாலையில் நிறுத்திவிட்டு இறங்கிப்போனார் என்று அலுவலகத்தில் ஒரு கதை உண்டு. கதை பொய்யாக இருக்கலாம். கேட்டவர் எவரும் அதை நம்பாமல் இருந்ததில்லை.

ஆகவே வாழ்நாள் முழுக்க அவர் பக்கத்து இருக்கைக்காரர். மடியில் கணினி, கால்களுக்கு நடுவே தேநீர்க் குடுவை. மற்ற நிறுவனங்களில் இந்த வேலையைத் தொலைபேசியிலேயே முடித்துவிடுவார்கள். அணைத்துப் போடுங்கள், வானம் தெரியும் இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவையுங்கள், வரைபடத்தைப் புதுப்பியுங்கள், வணக்கம். செவெரின் நேரில் போவார். வாடிக்கையாளர் மேல் அக்கறை என்று எங்கள் விளம்பரத்தில் போட்டிருந்தோம். உண்மையில் அவருக்கு யார் சொல்வதிலும் நம்பிக்கை கிடையாது, அவ்வளவுதான். முன்கண்ணாடியில் உலோகப் பூச்சு இருக்கும், அது சிக்னலைத் தடுக்கும். சந்தையில் வாங்கிய மலிவு சார்ஜர் சிக்னலைக் கெடுக்கும். கேட்டால் இரண்டுமே இல்லை என்பார்கள். ஒரு பாதிரியாரின் கார் தினமும் குளத்துக்குள் தெரிந்தது. போய்ப் பார்த்தால், சாதனத்தின் தலைமேல் உள்ளங்கை அகலத்துக்குப் புனித கிறிஸ்டோபரின் பித்தளைத் தகடு. "பயணிகளைக் காக்கிற புனிதர்தான் உங்களைத் தண்ணியில இறக்குறாரு, ஃபாதர்" என்று சொல்லிவிட்டு, தகட்டைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். பாதிரியார் அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டார்.

மனிதர் கெட்டவர் அல்ல. யாரையும் அதட்டியதில்லை, யார் பிறந்தநாளையும் மறந்ததில்லை. இவ்வளவு நல்ல மனிதரால் எவ்வளவு கெடுதல் செய்ய முடியும் என்பது போகுமிவாவின் விஷயத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

கொழுப்பு வியாழனுக்கு மறுநாள் அது தொடங்கியது. தவக்காலத்துக்கு முந்தைய அந்த வியாழக்கிழமை எங்கள் வூச் நகரத்தில் யாரும் வேலை செய்வதில்லை; வேலை நேரத்தில் உட்கார்ந்து ஜாம் வைத்த பொரித்த உருண்டைகளைத் தின்பது அன்று ஏறக்குறையக் கடமை. கெம்பா என்பவர், மீந்துபோன உருண்டைகளை ஒரு பெட்டியில் எடுத்துக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். படுக்கையில் கிடக்கும் முதியவர்களின் வீடுகளுக்குப் பணிப்பெண்களை அனுப்புவது அவர் தொழில். பெண்களுக்கு அவரே கார் கொடுத்திருந்தார். கார்களில் எங்கள் மென்பொருள் இருந்தது.

போகுமிவா என்றொரு பெண்ணின் கார், அவர் ஒரு கிழவிக்குச் சூப் ஊட்டிக்கொண்டிருக்க வேண்டிய நேரத்தில், கிழக்குத் தெருப் பேக்கரி வாசலில் நின்றிருக்கிறது. பிறகு அந்தத் தெருவையே மெல்லச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. பழைய பதிவுகளைப் புரட்டினால் தினமும் அதே கதை. அந்தம்மாள் பலகாரம் வாங்கித் தெருத்தெருவாக விற்கிறார் என்பது கெம்பாவின் முடிவு. புள்ளி சரியாகத்தான் காட்டுகிறது என்று நாங்கள் எழுதிக் கொடுத்தால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

அவர் போனதும் எங்கள் இயக்குநர் லிலியானா, விரலில் ஒட்டிய சர்க்கரையைத் துடைத்துக்கொண்டே, 'ஐயா' என்பதற்கு நாங்கள் சொல்லும் 'பான்' போட்டு மரியாதையாகவே சொன்னார்: "நம்ம மென்பொருள் சரின்னா ஒரு பொம்பளைக்கு வேலை போகும். தப்புன்னா நமக்கு ஒரு வாடிக்கையாளர் போவாரு. எது மலிவுன்னு நான் வாயால வேற சொல்லணுமா, பான் செவெரின்?"

செவெரின் தேநீர்க் குடுவையை நிரப்பிக்கொண்டு கிளம்பினார்.

போகுமிவா ஐம்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை, பேச்சு நிறைய. அவரைத் தூக்கிலிடுவதா விடுவதா என்று அளக்க வந்தவரை அவர் மாப்பிள்ளையைப் போல வரவேற்றாராம். "பெல்ட்டைப் போடுங்க பான் செவெரின். நீங்க தொலைஞ்சிட்டா தேட உங்க ஆபீஸ்ல வேற ஆளே இல்லையாமே." செவெரின், அது உண்மைதான் என்று பதில் சொன்னாராம். அவருக்குக் கிண்டல் என்பது ஒரு தகவல்.

கிழவி தெயோஃபிலாவின் வீடு நூறு வருஷத்து அடுக்குமாடி. தெருவிலிருந்து கட்டடத்தின் வயிற்றைத் துளைத்துப்போகும் வாயில் வழியே உள்ளே நுழைந்தால் முற்றம். நாலு பக்கமும் ஐந்து மாடிச் சுவர், தலைக்கு மேல் கைக்குட்டை அளவு வானம். கார் முற்றத்தில் நின்றது. செவெரினின் மடியில் இருந்த திரையில் புள்ளி எழுந்து, சுவரைத் தாண்டி, அடுத்த தெருப் பேக்கரி வாசலில் போய் நின்றது. செயற்கைக்கோள் சிக்னல் சுவருக்குச் சுவர் மோதித் தாமதமாக வந்தது. மென்பொருளோ, கார் என்றால் சாலையில்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில், பக்கத்தில் இருந்த சாலையோடு அதைக் கொண்டுபோய் ஒட்டிவிட்டது. சிக்னல் தடுமாறத் தடுமாறப் புள்ளியும் தெருவில் உலா வந்தது. பலகார வியாபாரம் எதுவும் இல்லை.

செவெரினின் வேலை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் போகுமிவா காரைவிட்டு இறங்கவில்லை. என்ஜின் ஓடியது, ஹீட்டர் ஓடியது, இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே செருகிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஏன் போகவில்லை என்று இவர் கேட்டார்.

"மேல போனா சூப்பை மூஞ்சியிலயே துப்பும். துப்பிட்டு, வேலைக்காரிக்கு இது போதும்னு வேற சொல்லும். முடிஞ்சதும் அடுத்த வீடு, அங்க செருப்பு பறக்கும். நடுவுல யாரும் என்னைக் கூப்பிடாத இடம் இந்த சீட்டு ஒண்ணுதான். கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போனா, திருப்பிக் கிள்ளாம ஊட்டுவேன்." பிறகு திரையை எட்டிப் பார்த்தார். "இது உங்க மிஷின்ல தெரியுமா?"

தெரியாது என்றார் செவெரின். இப்போதைக்குக் கார் நிறுத்த இடம் தேடித் தெருவைச் சுற்றுவதாகத்தான் பதிவாகிறது.

"அப்ப நல்ல மிஷின்தான்" என்று சொல்லிவிட்டு போகுமிவா இறங்கிப் படியேறினார்.

இதையெல்லாம் மறுநாள் சாப்பாட்டு அறையில், சிக்னல் தடுமாற்றத்துக்கு ஓர் அருமையான உதாரணம் என்று செவெரின் எங்களுக்குச் சொன்னார்.

அவர் உண்மையை எழுதிக் கொடுத்தார்: மென்பொருள் தப்பு, அந்தம்மாள் முற்றத்தில்தான் இருந்தார். லிலியானா அன்று பகல் முழுக்க அவருக்கு முகம் கொடுக்கவில்லை. சாயங்காலமே மனம் மாறி, தப்பைச் சரிசெய்து 'புதிய வசதி' என்று கெம்பாவுக்கே விற்றுவிடலாம் என்று கண்டுபிடித்தார்; இயக்குநர் பதவி சும்மா கிடைப்பதில்லை. போகுமிவாவின் வேலை தப்பியது. அவர் ஒரு பெரிய போத்தலில் ஊறவைத்த வெள்ளரிக்காய் கொண்டுவந்து செவெரினின் மேசைமேல் வைத்துவிட்டு, அவர் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். நாங்கள் கைதட்டினோம். செவெரின் காதுவரை சிவந்துபோனார்.

அந்த நன்றிக்குப் பதிலாக அவர் ராப்பகலாக உழைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். சக்கரம் சுற்றாதபோது செயற்கைக்கோள் என்ன சொன்னாலும் கேட்காதே, சக்கரம் எங்கே நின்றதோ அங்கேயே புள்ளியும் நிற்கட்டும்: மென்பொருளுக்கு இப்படி ஒரு புத்தியைக் கற்பித்தார். முற்றத்துக்குள் நுழையும்போது சக்கரச் சுற்றையும் வளைவையும் வைத்துக் கணக்குப் போட வைத்தார். முடித்துப் பார்த்தபோது புள்ளி முற்றத்தின் நடுவில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், ஆணி அடித்ததுபோல் நின்றது. தெருவைச் சுற்றுவது நின்றது. அதற்குப் பதிலாகக் கெம்பாவின் திரையில் புதிதாக ஒரு வரி வந்தது: என்ஜின் ஓடுகிறது, கார் நகரவில்லை. எல்லா வீட்டு வாசலிலும், எல்லா நாளும்.

கெம்பா மகிழ்ச்சியாகத் தொலைபேசினார். லிலியானா எல்லோரும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டார். "பேக்கரியில நிக்கிறான்னு நினைச்சப்போ, போகட்டும், பசிச்சிருக்கும்னு பாதி மன்னிச்சிட்டேங்க. இப்பப் பார்த்தா என் பெட்ரோல்ல குளிர் காய்ஞ்சுட்டு சும்மா உட்கார்ந்திருக்கா. மேல ஒரு கிழவி பட்டினி கிடக்குது. உங்க ஆளுக்குக் கோயில் கட்டணும்." ஈஸ்டருக்கு முன்பே போகுமிவாவிடமிருந்து கார் சாவியை வாங்கிவிட்டார்.

இப்படி ஆகும் என்று தோன்றவில்லையா என்று செவெரினிடம் கேட்டேன். அந்தக் காரில் உட்கார்ந்திருந்தபோதே தோன்றியது என்றார், இதில் என்ன ஆச்சரியம் என்பதுபோல. "அதுக்காக, முற்றத்துல நிக்கிற காரைப் பேக்கரி வாசல்ல நிறுத்தி வைக்க முடியுமா?"

அது சரியான வாதம்.

போகுமிவா ஒருநாள் மத்தியானம் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். டிராமில் வந்திருந்தார், கோட்டைக் கழற்றவில்லை. சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்து லிலியானா தன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் அவர் கெஞ்சத்தான் வந்திருந்தார். புதிய வசதியிலும் கோளாறு இருக்கிறது என்று கெம்பாவுக்கு ஒரு போன் செய்தால் போதும், செவெரின் சொன்னால் அவர் நம்புவார், தன் வயதில் வேறு யாரும் வேலை தரமாட்டார்கள்.

"ஒரே ஒரு பொய், பான் செவெரின். எல்லாரும் உங்ககிட்ட தினமும் சொல்றதுதானே."

செவெரின் அவருக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்தார். பிறகு, ஆறுதல் என்று நினைத்தே, திரையைத் திருப்பிக் காட்டினார். சுவர்கள், முற்றம், குப்பைத் தொட்டி, நடுவில் புள்ளி. பிசகு இரண்டு மீட்டருக்கு மேல் இல்லை, இனி யாரும் உங்களைப் பேக்கரியில் நின்றதாகச் சொல்ல முடியாது என்றார்.

போகுமிவா புள்ளிமேல் விரலை வைத்தார். "நான் அங்கதான் இருந்தேன்னு கெம்பாகிட்ட முதல் நாளே சொன்னேன்" என்றார். "அப்ப யாரும் நம்பல. இப்ப எல்லாரும் நம்புறீங்க, வேலை போயிடுச்சு." எழுந்தவர் வாசல்வரை போய்த் திரும்பி, "எங்க உட்கார்ந்திருந்தேன்னு காட்டுது. ஏன்னு காட்டுதா?" என்று கேட்டார்.

செவெரின் யோசித்துப் பார்த்துவிட்டு, அதற்கு எங்களிடம் கருவி இல்லை என்றார். அவரும் தலையாட்டிவிட்டுப் போனார்.

இப்போது போகுமிவா ஒரு மருத்துவமனைச் சமையலறையில் தட்டு கழுவுகிறார். கோடையில் செவெரின் தன் திருத்தத்தைச் சரிபார்க்க, போகுமிவாவின் இடத்துக்கு வந்த இளம்பெண்ணின் காரில் போனார். பதிவுகள் அப்பழுக்கில்லாமல் இருந்தன. கார் முற்றத்தில் நிற்கும், என்ஜின் உடனே அணையும், கதவு உடனே திறக்கும். கெம்பா அந்தப் பெண்ணை மற்றவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறார். செவெரின் அவள் பின்னாலேயே மாடிப்படி ஏறினார். இரண்டாம் மாடித் திருப்பத்தில், ஜன்னல் இல்லாத இருட்டில், அவள் பையைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டாள். வேலையை ஒப்படைக்கும்போதே போகுமிவா இந்த இடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டாராம். மேலே கிழவி சூப் எங்கேயென்று கத்திக்கொண்டிருந்தாள்.

அலுவலகத்துக்கு வந்து இதைச் சொன்னபோது, அறிக்கையில் எழுதினீர்களா என்று லிலியானா கேட்டார். எழுதவில்லை என்றார் செவெரின். இரக்கம் வந்துவிட்டதோ என்று நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"கட்டடத்துக்கு உள்ள நடக்கிறது நம்ம பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த புகாரை எடுத்தார்.