மூக்கன் வாசலில் உட்கார்ந்திருந்த வருசங்கள்

றொசல்ல ஸ்டேசனில் இறங்கி ஒத்தையடிப் பாதையில் மேலே ஏறினால் வருகிற தேயிலைத் தோட்டம் அது. அந்தக் காலத்தில் அங்கே பொழுது விடிவது மூக்கன் கையில்தான் இருந்தது. அவன் தப்புப் பறை அடித்தால்தான் லயத்து வீடுகளில் அடுப்பு புகையும், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துக்குச் சனம் ஓடும். அவன் அப்பன் சடையன் அடித்த தப்பு. சடையனுக்கு அப்பன் துறையூர்ப் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்தபோது தோளில் மாட்டிக்கொண்டு வந்த தொழில்.

மூக்கன் தவழ்கிற வயசிலேயே பெற்றவள் காய்ச்சலில் போய்விட்டாள். லயத்தின் கடைசி அறையான தொங்கல் காம்பராவில் காளியாயி என்று ஒருத்தி இருந்தாள், முசிறிக்காரி, தாலியறுத்தவள், பிள்ளை குட்டி கிடையாது. மூக்கன் வீட்டுக்கும் அவளுக்கும் எந்த ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அழுகிற பிள்ளையை ஒரு நாள் தூக்கிக்கொண்டு போனவள், அப்புறம் திருப்பித் தரவேயில்லை. சடையனும் கேட்கவில்லை. மூக்கன் அவளை ஆயி என்றுதான் கூப்பிடுவான். ராசம்மாவைப் பார்த்துக் கட்டி வைத்ததும் அவள்தான்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்து, நம்ம சனத்துக்கு இங்கே பிரசாவுரிமை இல்லையென்று சட்டம் போட்ட சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைக்கு ஒதுங்கப் போய் மூக்கன், வேலைக்குப் போகிறவர்கள் கைப்பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைமடுவத்துத் தாழ்வாரத்தில் நின்றான். தோட்டத்தில் வேதக்காரர்கள் பத்துப் பதினைந்து குடும்பம். கோயில் கிடையாது. தொட்டில்களை ஓரமாகத் தள்ளிவிட்டு அங்கேதான் செபம் வைப்பார்கள். உள்ளே மாசிலாமணி உபதேசியார் ஒரு தோட்டக்காரனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். விடியக்காலம் வேலைக்கு வந்தவனுக்கும் அவன் முழுப்பேர், முழுநாள் கூலி போட்டானாம். வெயில் தாழ வந்தவனுக்கும் முழுப்பேர் போட்டானாம்.

மூக்கனுக்கு மழை விட்டது தெரியவில்லை. பெரட்டுக்குக் கொஞ்சம் பிந்தினால் அரைப்பேர், அரைநாள் கூலி. இன்னும் பிந்தினால் "வீட்டுக்குப் போ" என்று விரட்டுகிற இடத்தில் பிறந்து வளர்ந்தவன் அவன்.

"அப்படி ஒரு தோட்டமா? எந்தப் பக்கம்டா? நல்லதண்ணிப் பக்கமா?" என்று கேட்டாள் காளியாயி.

"இந்த ஒலகத்துல இல்லையாம் ஆயி."

"அதானே பாத்தேன். இருந்தா நம்ம கங்காணி விட்டு வைப்பானா?"

அவள் சிரித்தாள். அவனால் சிரிக்க முடியவில்லை. அடுத்த ஞாயிறும் போய் நின்றான், அதற்கடுத்த ஞாயிறும் நின்றான். கடைசியில் உபதேசியாரையே வழிமறித்தான்.

"அந்த ஞானஸ்நானம் இனாந்தானுங்களே சாமி?"

"இனாம்தான்."

"அப்ப எனக்கும் குடுங்க."

மாசிலாமணி உபதேசியார் கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. அம்மை போட்ட வீட்டுக்குள்ளே பயமில்லாமல் போய்க் கஞ்சி ஊற்றியவர். ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார்.

"குடுக்கலாம் மூக்கா. ஆனா நீ தப்பை விடணும்."

"ஐயோ, தொரை பத்துச்சீட்டைக் கிழிச்சுத் தோட்டத்தவிட்டே வெரட்டிருவாரே சாமி!"

உபதேசியார் குடைக் கம்பால் மண்ணைக் குத்திக்கொண்டு யோசித்தார். "பெரட்டுக்கு அடி, அது வேலை. மாரியம்மன் கோயிலுக்கும் சாவுக்கும் அடிக்கக் கூடாது. அது அஞ்ஞானம்."

"ரெண்டும் ஒரே தோலுதானுங்க."

"வாயாடாதே."

சரியென்று விட்டான். அந்த வருசம் திருவிழாவுக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆள் பிடித்து வந்தார்கள். பீலிக்கரையில் பொம்பிளைகள், "என்னா மூக்கண்ணே, கையில முள்ளு ஏறிருச்சா?" என்று கேலி பண்ணினார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தண்ணீர் பிடித்தான். அட்டனிலிருந்து போதகர் வருவது வருசத்துக்கு இரண்டு முறைதான். மாசியில் வருகிறார், அன்றைக்கே உனக்கும் ராசம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஞானஸ்நானம் என்று உபதேசியார் சொல்லிவிட்டார். ராசம்மா வெள்ளைச் சேலை ஒன்றைத் துவைத்து மடித்து வைத்தாள்.

அந்த வாரம் காளியாயி கொழுந்துக் கூடையோடு மலையில் சாய்ந்தாள். தூக்கி வந்து படுக்க வைத்தார்கள். அப்புறம் எழும்பவில்லை.

"டேய்," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டே. "நீ எந்தச் சாமியக் கும்புட்டாலும் எனக்கு ஒண்ணுமில்ல. என்னைய மட்டும் சத்தமில்லாம அனுப்பிறாத. நாதியத்தவ போறா பாருன்னு சொல்லுவாளுக."

சனிக்கிழமை போய்ச் சேர்ந்தாள். மூக்கன் கொஞ்ச நேரம் அவள் காலடியில் உட்கார்ந்திருந்தான். பிறகு போய் வைக்கோல் கொளுத்தித் தப்பைக் காய்ச்சினான். லயத்திலிருந்து கீழ் மலை விளிம்பு வரைக்கும், குழியில் மண் மூடுகிற வரைக்கும் கை ஓயாமல் அடித்தான். ராணிக்குக்கூட அப்படி ஒரு போக்கு கிடைத்திருக்காது என்று சனம் பேசிக்கொண்டது.

மறுநாள் போதகர் வந்தார், ஞானஸ்நான நாள். அவன் மடுவத்துக்குள்ளே போகவில்லை.

"நீங்க இல்லாமயா?" என்று ராசம்மா வாசலில் நின்றாள்.

"நீ போ. நான் இங்கனதான இருக்கேன்."

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவன் வாசற்படி ஓரத்தில் குந்தினான். அப்படிக் குந்தியவன்தான், வருசக்கணக்காக அங்கேயே குந்தினான்.

பாட்டெல்லாம் அவனுக்கு மனப்பாடம். உள்ளே ஒரு அடி பிந்தினால் வெளியேயிருந்து அவன் எடுத்துக் கொடுப்பான். திருவிருந்து வந்தால் மட்டும் வாய் மூடிக்கொள்ளும். பலகைக் கதவை ஒருக்களித்துச் சாத்துவார்கள். பாத்திரம் மேசையில் உட்காருகிற சத்தம், சனம் எழும்புகிற சத்தம், ராசம்மாவின் வளையல் சத்தம் எல்லாம் தனித்தனியாகக் கேட்கும். தொண்டையில் எச்சில் இறங்கும். பசியென்று சொல்ல முடியாது. காலையில் ரொட்டி தின்றுவிட்டுத்தான் வந்திருப்பான். பெரட்டில் தன் பேரைக் கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள் என்று காத்து நிற்கிற மாதிரி ஒன்று நெஞ்சுக்குள் எழும்பி நிற்கும். வீட்டுக்கு வந்த பிறகும் ராசம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"எப்புடி இருந்துச்சு?"

"என்னத்தச் சொல்ல? கொஞ்சூண்டு ரொட்டிதான்," என்பாள். அவன் மனசு நோகக் கூடாதென்று அவள் அப்படிச் சொல்லுவாள்.

அவன் சும்மாவும் இருக்கவில்லை. மடுவத்துக்குத் தகரம் மாற்றினான். நோயாளிகளைத் தோளில் சுமந்து ஆஸ்பத்திரி சேர்த்தான். வேதக்காரர்களுக்குக் குழி வெட்டுவதும் அவன்தான். ஒரு நாள் கூரையிலிருந்து இறங்கியவனிடம் உபதேசியார் சொன்னார்: "மூக்கா, இதெல்லாம் செஞ்சா கெடைச்சிரும்னு எண்ணாதே. கிரியையினால வர்றது இல்ல அது."

மூக்கன் கையிலிருந்த துருவைத் துடைத்தான். "வேலை செஞ்சாலும் கெடைக்காதுங்கிறீங்க. வேலைய விட்டாத்தான் கெடைக்கும்னும் சொல்றீங்க. நான் எந்தக் கையால வாங்குறது சாமி?"

உபதேசியார் குடையை விரித்துக்கொண்டு போனார். மழைகூட இல்லை அப்போது.

விடவேண்டுமென்று அவன் நினைக்காமலும் இல்லை. சொந்தபந்தம் உள்ள சாவென்றால், "வேற ஆளப் பாருங்க" என்று கும்பிட்டு அனுப்பிவிடுவான். ஆளில்லாத சாவு வந்தால்தான் கை நிற்காது. பழனியாண்டிக் கிழவன், வேலை நின்ற கிழடுகளுக்கு விட்ட பெஞ்சன் வீட்டில் தனியாகக் கிடந்து செத்தபோது அப்படித்தான். அதற்கு இரண்டு மாசம்கூட ஆகவில்லை, அடுத்த போதகர் நாள் வந்தது. உபதேசியார், "இன்னும் ஆயத்தமாகலை" என்று சொல்லிவிட்டார்.

இப்படியே ராசம்மா தலையும் நரைத்தது. மகளைக் கட்டிக்கொடுத்தார்கள், நானுஓயாப் பக்கம். பழைய போதகர் மாறிப்போய்ப் புதிதாக ஒருவர் வந்தார். ஆடி மாசத்துச் சாரலில் நனைந்துகொண்டு மேலே ஏறி வந்தவர், படி ஓரத்தில் சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தார்.

"உள்ள வாங்களேன். ஏன் நனையிறீங்க?"

மூக்கன் எழும்பி நின்று கும்பிட்டான். கூட்டத்தில் ஒரு நாளும் வாய் திறக்காத ராசம்மாதான் உள்ளேயிருந்து பேசினாள்: "அவுங்க என் வீட்டுக்காரங்க ஐயா. இருவது வருசமா அங்கனதான் ஒக்காந்திருக்காங்க."

போதகர் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் மெதுவாகச் சொன்னார்: "சாவுக்குத் தப்படிக்கிறவர் ஐயா. விடமாட்டேங்கிறார்."

"விடுவீங்களா?" என்று போதகர் மூக்கனையே கேட்டார்.

ஆமாம் என்று சொன்னால் போதும், வாசல் திறந்துவிடும். அவனுக்கு அது தெரியும். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"சொல்ல முடியாதுங்க ஐயா. நாளைக்கே நாதியத்த ஒண்ணு செத்துச்சுன்னா இந்தக் கை தப்புக்குப் போயிரும். பொய் சொல்லி எப்புடி வாங்குறது?"

போதகர் திரும்பி, கோபமில்லாமல், "உபதேசியார், நீங்க ஞானஸ்நானம் வாங்குறப்ப எதையெல்லாம் விட்டீங்க?" என்று கேட்டார்.

"நான் கைப்பிள்ளை ஐயா. எங்கம்மா மடியில..." என்று தொடங்கினார் மாசிலாமணி. நின்றபடியே தன் கையைப் பார்த்தார். பிறகு அவரே போய்ப் பீலியில் செம்பை ரொப்பிக் கொண்டுவந்து நீட்டினார்.

அந்தத் தண்ணீரைப் போதகர் மூக்கன் தலையில் ஊற்றினார். திருவிருந்தும் அன்றைக்கே கொடுத்தார்கள். காய்ப்புக் காய்த்த உள்ளங்கையில் ஒரு துண்டு அப்பம். அத்தனை வருசம் கேட்டுக்கேட்டு ஏங்கினது. அவன் அதை இரண்டாகப் பிட்டான். ஒன்றை வாயில் போட்டான். மற்றதை யாரும் பார்க்காமல் மடியில் செருகினான்.

உபதேசியார் பார்த்துவிட்டார்.

செபம் முடிந்து சனம் கலைகிறபோது வாசலில் மறித்தார். மூக்கன் மடியை இறுக்கிப் பிடித்தான். "சாமி, ஆயிக்கு... குழியில வைக்கத்தான்... அவ இல்லாம நான் மட்டும்..." என்று குழறினான்.

அப்படிச் செய்யக் கூடாதென்று உபதேசியாருக்கு நன்றாகத் தெரியும். செத்தவர்களுக்குப் படைப்பதைக் கண்டித்து எத்தனை முறை பேசியிருக்கிறார்! உள்ளே போதகர் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். உபதேசியார் அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மடியில வைக்காதே. கையில எடுத்துக்கிட்டுப் போ. சிந்தாம போ."

மூக்கன் கையைப் பொத்திக்கொண்டு சாரலில் கீழ் மலைக்கு இறங்கினான். காளியாயி கிடந்த இடத்தில் இப்போது தேயிலைத் தூர் இடுப்புயரம் நின்றது. பக்கத்தில் குந்தினான். என்ன சொல்லி வைப்பது என்று தெரியவில்லை. படித்த செபத்தில் இதற்கு வார்த்தை இல்லை. பழைய வார்த்தையைச் சொல்லவும் நாக்கு எழவில்லை. தூரடியில் மண்ணைக் கொஞ்சம் விலக்கி, வைத்து, மூடினான். அவளுக்கும் கிடைக்குமா என்று யாரிடம் கேட்பது? போதகர் படியிறங்கி ஸ்டேசன் பக்கம் போனார். ராசம்மா மேலேயிருந்து கூப்பிட்டாள். அவன் அது காதில் விழுந்தும், எழும்பாமல் அங்கேயே இருந்தான்.