மாட்டிப் பார்க்காத திரை

எங்கள் தெருவில் நோன்பு மாதத்தின் கடைசி வாரம் வந்துவிட்டால் எந்த வீட்டு ஜன்னலிலும் துணி இருக்காது. பழைய திரைகளைக் கழற்றித் துவைக்கப் போட்டுவிட்டு, கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, பெருநாளுக்கு முந்தின இரவுதான் புதுத் திரையை மாட்டுவார்கள். ஒரு நாள் முன்னால் மாட்டினாலும் கிண்டல் பறக்கும். "என்ன, உங்க வீட்டுக்கு மட்டும் பிறை தெரிஞ்சிருச்சா?" என்று போகிற வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். இந்தச் சிகாமட் ஊரில் மலாய்க்காரர்களுக்கு நடுவே வாழ்ந்து எனக்குத் தலை நரைத்துவிட்டது. தீபாவளிக்கு நானும் அப்படித்தான் செய்கிறேன்.

பக்கத்து வீட்டுக் கம்சியாவை இந்த விஷயத்தில் யாரும் அடித்துக்கொள்ள முடியாது. கடைத் திரை என்றால் முகத்தைச் சுளிப்பாள். ஒரு வருடம் கொசுவம் கொசுவமாக, இன்னொரு வருடம் வளைவு வளைவாகக் குஞ்சம் தொங்கவிட்டு, எல்லாம் அவள் கையால் தைத்ததுதான். பிள்ளை குட்டி இல்லாத வீடு. ஆனாலும் பெருநாள் காலையில் தெருப் பிள்ளைகள் பாதிப்பேர் அங்கேதான் கிடப்பார்கள். அவர்களின் தாய்மார்கள் பலகாரம் சாப்பிடுகிற சாக்கில் ஜன்னலைத்தான் பார்ப்பார்கள். பார்க்கிறார்கள் என்று இவளுக்கும் தெரியும். பார்க்காத மாதிரி தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பாள், கள்ளி!

அவளுக்கு நுரையீரலில் புற்று வந்தது. ஒரு சிகரெட்டைக்கூடக் கையால் தொடாதவள். இதற்கு என்ன நியாயம் சொல்வது, யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

படுக்கையறையில் காற்று போதவில்லை என்று கட்டிலைக் கூடத்துக்குக் கொண்டுவந்து பெரிய ஜன்னலுக்கு எதிரே போட்டார்கள். கொசுவத் திரையில் தூசி சேர்ந்து அவளுக்கு இருமல் அதிகமானது. அப்படிப் படுத்துக்கொண்டே கைப்பேசியில் எதையோ பார்த்தவள், ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ரோமன் கர்ட்டன் என்று பெயராம். கொசுவமே கிடையாது. தட்டையான துணி. பின்பக்கம் குறுக்கே குறுக்கே உறை மாதிரித் தைத்து, உள்ளே மெல்லிய கம்புகளைச் செருக வேண்டும். வளையங்கள் வழியாகக் கயிறு ஏறி ஓரமாக இறங்கும். இழுத்தால் பாய் மடிக்கிற மாதிரி மடி மடியாக மேலே போகும், விட்டால் கீழே வரும்.

"இந்த வருஷம் இதுதான். வெளிர் பச்சையில," என்றாள்.

"யாரு தைக்கிறது, காக் யா?" என்றேன். இங்கே மூத்தவள் என்றால் காக், மூத்தவர் என்றால் பாங்; புருஷனையும் பாங் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் எனக்குக் காக் யா. நான் அவளுக்கு வெறும் திலா. திலகவதி என்று முழுசாகச் சொல்ல அவள் என்றைக்கும் முயன்றதில்லை.

"என் புருஷன்தான். சும்மாத்தானே உக்காந்திருக்காரு."

மிஸ்ரான் மூவார் ஊருக்குப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வாழைத்தண்டு மாதிரிக் கை. பொத்தான் தைக்கத் தெரியாது. "நானா?" என்று என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அந்த நோன்பு மாதம் மத்தியானத் தொழுகை முடிந்ததும் அந்த வீட்டில் ஒரே ரகளைதான். கட்டில் பக்கத்திலேயே தையல் மெசின். இவள் தலையணையில் சாய்ந்தபடி அதிகாரம் பண்ணுவாள். அவர் வேர்த்து வழிந்து மிதிப்பார். நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோகிற சாக்கில் நானும் போய் உட்கார்ந்துகொள்வேன்.

"பாங், அது தையல் மெசினு. மூவார் பஸ்ஸு இல்ல. காலை எடுங்க!"

"பிரேக் எங்க இருக்கு இதுல?"

"காலை எடுத்தாலே நிக்கும். இத்தனை வருஷமா உங்க வண்டியில ஏறுனவங்க எப்படித்தான் உயிரோட இறங்குனாங்களோ!"

"ஒருத்தராவது குறை சொல்லியிருக்காங்களா?"

"சொல்றதுக்கு மூச்சு வந்திருக்காது."

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரித்தால் இருமல் வரும், இருமல் வந்தால் நிற்காது. அவர் ஊசியையும் நூலையும் அப்படியே போட்டுவிட்டு முதுகைத் தடவுவார். இருமல் அடங்கியதும் அவள் முதலில் சொல்கிறது, "அந்த ஓரம் கோணலாப் போகுது, பிரிங்க," என்றுதான் இருக்கும். அவரும் பேசாமல் பிரிப்பார். ஒரே ஓரத்தை எத்தனை தடவை பிரித்தாரோ!

ஒருநாள் மருந்து போட்டு அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது, எழுந்தால் அசந்துபோகட்டும் என்று அவரே துணியை வெட்டிவிட்டார். ஜன்னலை அளந்து, மேலே கீழே மடிப்புக்கும் சேர்த்து, கவனமாகத்தான் வெட்டினார். கண் விழித்தவள், "அட, என்னைக் கேக்காம வெட்டிட்டீங்களா? பெரிய தையக்காரர் ஆயிட்டாரு பாரு, திலா," என்றாள். குரலில் பெருமைதான் இருந்தது.

டாக்டர் சொன்னதை மிஸ்ரான் என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தார். நோன்பு தொடங்கும் முன்பே, வேலிப் பக்கம் நின்றுகொண்டு சொன்னார். "பெருநாள் வரைக்கும் தாங்குறது கஷ்டமாம், திலா. அவகிட்ட சொல்லல. சொல்லவும் மாட்டேன். நீயும் வாயத் தொறந்துராத." பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி குழாயைத் திறந்து செம்பருத்திக்குத் தண்ணீர் விட ஆரம்பித்தார். நான் வீட்டுக்குள் வந்து அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அழுதேன்.

திரை முடிந்தது. பெருநாளுக்கு இன்னும் நாள் இருந்தது. அவர் அதை அழகாக மடித்து, ஒரு பாத்திக் சாரோங்கில் சுற்றி, அலமாரி மேலே வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வேலிக்கு வந்தவரைப் பிடித்துக்கொண்டேன்.

"பாங், உங்களுக்குப் புத்தி இருக்கா? மாட்டுங்க. இன்னைக்கே மாட்டுங்க. யாரு சிரிச்சா என்ன?"

"சிரிக்கிறவங்களுக்காகவா சொல்றேன்?" என்றார். "கல்யாணம் ஆனதுலேருந்து முந்தின ராத்திரிதான் மாட்டுவோம். அவ தைப்பா, நான் முக்காலி மேல ஏறி மாட்டுவேன். இப்பவே மாட்டுனா அவ என்ன நெனைப்பா? 'நீ அதுவரைக்கும் இருக்க மாட்டே'ன்னு நானே அவ மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி இல்லையா? என்னால முடியாது, திலா."

அவர் சொன்னதும் சரிதானே? ஆனாலும் மனசு கேட்கவில்லை.

மறுநாள் நான் அங்கே இருக்கும்போதே கம்சியா கேட்டாள். சும்மா கேட்கிற மாதிரித்தான் கேட்டாள். "பாங், கொஞ்சம் மாட்டிப் பாப்போமா? நீளம் சரியா இருக்கான்னு பாத்துட்டு திரும்பக் கழட்டிரலாம்."

"நீளமெல்லாம் சரியா இருக்கு. நான் அளந்தேன்ல?" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமலே. "அதுக்குள்ள என்ன அவசரம்? பெருநாள் ஓடியா போகுது?"

"அதுவும் சரிதான்," என்றாள்.

அவர் தொழுகைக்குப் போனதும் நான் எழுந்தேன். "காக் யா, நான் ஏறி மாட்டுறேன். நீங்க பாருங்க. அவரு வர்றதுக்குள்ள கழட்டிடுவேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையில் எலும்புதான் இருந்தது. "வேணாம். அவரு தச்சது, அவருதான் மாட்டணும். எனக்குத் தெரியாதா, திலா? டாக்டர் அவர வெளிய கூட்டிட்டுப் போனப்பவே தெரியும். நான் திரும்பக் கேட்டா அவரு இங்கயே உக்காந்து அழுதுடுவாரு. நோன்பு வச்சிருக்கற மனுஷன். விடு."

"அதுக்காக நீங்க பாக்காமலே..."

"விடுன்னு சொல்றேன்ல! அவருக்குத் தெரிய வேணாம். நான் ஒண்ணும் சொல்லாத மாதிரி இரு." பிறகு தண்ணீர் கேட்டாள். ஒரு வாய் குடித்தாள்.

இரண்டு பேரும் எனக்கு வேண்டியவர்கள். இரண்டு பேரும் என் வாயைக் கட்டிப்போட்டார்கள். நான் என்ன செய்ய?

கடைசி வாரம் வந்தது. தெரு வழக்கப்படி அவரும் பழைய திரையைக் கழற்றி ஊறப்போட்டார். கண்ணாடியைத் துடைத்தார். ஜன்னல் மொட்டையாக இருந்தது. வெளிச்சம் நேராகக் கட்டிலில் விழுந்தது. கண் கூசுகிறதா என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு, தெருவெல்லாம் தெரியுது," என்றாள். அதன் பிறகு அவள் அதிகம் பேசவில்லை. பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில், விடியற்காலைத் தொழுகை முடிந்து அவர் திரும்பி வந்து கூப்பிட்டபோது அவள் பதில் சொல்லவில்லை.

பெண்கள் வந்தார்கள். பின்கட்டில் குளிப்பாட்டினார்கள். கஃபன் என்கிற வெள்ளைத் துணியை உடுத்தக் கூடத்துக்குக் கொண்டுவந்தபோது ஒருத்தி, "ஜன்னல் தொறந்து கிடக்குதே, ஏதாவது துணி கட்டுங்க," என்றாள். யாரோ நாலு சாரோங் எடுத்து வந்தார்கள். மூலையில் உட்கார்ந்திருந்த மிஸ்ரான் எழுந்து, "வேணாம், திரை இருக்கு," என்றார்.

அலமாரி மேலிருந்து எடுத்து வந்தார். முக்காலி மேல் ஏறினார். உதவிக்கு வந்தவர்களைக் கிட்டே விடவில்லை. நான் வாசலில் இருந்தேன். வெளியே இருந்த எங்களுக்கு அதன் பின்பக்கம்தான் தெரிந்தது. கம்பும் வளையமும் கோணல்மாணல் தையலுமாக, ஒவ்வொரு மடிப்பாகத் திரை இறங்கி வந்தது. வந்து, ஜன்னலின் அடிச்சட்டத்துக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது.

துணி போதவில்லை. கம்பு செருகத் தைத்த ஒவ்வொரு உறையும் கொஞ்சம் கொஞ்சம் துணியைத் தின்றிருக்கிறது. அதைக் கணக்கில் சேர்க்காமல் வெட்டியிருக்கிறார், பாவி மனுஷன். ஒரு தடவை மாட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த இடைவெளி வழியாக அவர் வயிறும் கையும் எங்களுக்குத் தெரிந்தன. அந்தக் கை துணியின் அடியைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒருத்தி வந்து அவரை நகர்த்திவிட்டு, கீழே ஒரு சாரோங்கைச் செருகினாள். சாவு வீட்டில் துணி நீளமா பெரிசு என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. வாசலிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

பெருநாள் அன்று முறுக்கு டப்பாவோடு போனேன். புதுச் சட்டை போட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் ஜன்னலைப் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். நாங்கள் இருவர் மட்டும் ஆனதும் அவர் கேட்டார்.

"திலா, அவ அன்னைக்கு மாட்டிப் பாப்போமான்னு கேட்டாளே. நீளம் பத்தாதுன்னு கண்ணாலயே தெரிஞ்சு கேட்டாளா? இல்ல, தன்னோட நாள் தெரிஞ்சு, பாக்கணும்னு ஆசைப்பட்டுக் கேட்டாளா? நீ கூடத்தானே இருந்தே. ஒண்ணும் சொல்லலையா உன்கிட்ட?"

"நீளத்துக்குத்தான், பாங்," என்றேன். "அவங்க கண்ணுக்குத் தெரியாத அளவா? வேற ஒண்ணும் சொல்லல."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோள் இரண்டும் தளர்ந்து, முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "அப்படின்னா பரவால்ல," என்றார் அழுகைக்கு நடுவே. "அளவுதான் தப்பு. அதை நான் தாங்கிக்குவேன். அவ பாக்க ஆசைப்பட்டு, நான் இல்லேன்னு சொல்லியிருந்தா..."

வாசலில் தெருப் பிள்ளைகள் சலாம் சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றினார்கள். அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர்களை உள்ளே கூப்பிட எழுந்து போனார்.