அண்ணன் அவர்களின் துப்பாக்கியும் தேங்காயெண்ணெயும்

உறவினர்களுக்கும் அண்ணன் அவர்களின் நண்பர்களுக்கும் வணக்கம். நான் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். எழுத்து கோணலாக வரும், நடுவில் சில சங்கதி மறந்தும் போகும். கூட்டத்தில் நான் வாய் திறந்து பேசினதில்லை என்று உங்களுக்கெல்லாம் தெரியும். அண்ணன் மகன் வந்து, "அத்தை, நீங்க பேசவே வேண்டாமுங்க, அப்பாவோட வருஷ நினைவு மலருக்கு எழுதிக் குடுங்க போதும்" என்று நோட்டைக் கையில் வைத்துவிட்டுப் போனதால் எழுதுகிறேன். பிழை பொறுக்க வேண்டும்.

அண்ணன் அவர்கள் பொங்கலூருக்குத் தெற்கே எங்கள் தோட்டத்து வீட்டில் பிறந்தார்கள். ஆறு பிள்ளைகளில் நின்றது நாங்கள் இரண்டு பேர். கிணறு வற்றினபோது அப்பா தறிக்குக் கூலிக்குப் போனார். அண்ணன் அவர்கள் பதினெட்டு வயதில் பட்டாளத்துக்குப் போய், இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தார்கள். எந்த ஊரில் எத்தனை வருஷம் என்பது டிஸ்சார்ஜ் புத்தகத்தில் இருக்கிறது. பனியில் ஒரு கால்விரல் போனது மட்டும் எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் பேசமாட்டார்.

வந்த பிறகு கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கினார்கள். துப்பாக்கி இருந்தால்தான் வங்கியில் காவல் வேலை. திருப்பூரில் ஒரு வங்கிக் கிளையில் வாசலில் ஸ்டூல் போட்டு உட்காருகிற வேலை கிடைத்தது. அதே வருஷம் என் வீட்டுக்காரர் காலமானார். காரியம் முடிந்த மூன்றாம் நாள் அண்ணன் அவர்கள் ஒரு ஆட்டோவில் என் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். "வாரயா?" என்று கேட்கவில்லை. நங்கையும் முகம் சுளிக்காமல் எனக்கு ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார். (எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம்.) நான் பனியன் கம்பெனியில் தைத்த துணிக்குப் பிசிர் நூல் வெட்டப் போனேன்.

மாதத்தில் முதல் ஞாயிறு துப்பாக்கி துடைக்கிற நாள். பழைய தினத்தாளை விரித்து, குண்டு இல்லை என்று இரண்டு தரம் பார்த்துவிட்டு, மூன்று பாகமாகக் கழற்றி வைப்பார். கடையில் விற்கிற எண்ணெயை அவர் வாங்கினதில்லை. மூன்று பங்கு மண்ணெண்ணெய், ஒரு பங்கு நீடில் ஆயில். நீடில் ஆயில் என்பது பனியன் துணி பின்னுகிற மிஷினுக்கு ஊற்றுகிற தெளிந்த எண்ணெய். அண்ணன் அவர்களின் சிநேகிதரான பாய், நிட்டிங் மிஷின் மெக்கானிக்காக இருந்ததால் டானிக் பாட்டிலில் கொண்டுவந்து தருவார். கலந்த எண்ணெயைத் துணியில் நனைத்துப் பித்தளைக் கம்பியில் கோத்து, குழலுக்குள் விட்டு இழுத்தால் கரி வரும். கரி நின்ற பிறகு வெறும் நீடில் ஆயில் ஒரு பூச்சு. "எண்ணெய் வெச்சது கண்ணுக்குத் தெரியக்கூடாது அம்மிணி, வெரலுக்குத்தான் தெரியோணும்" என்பார்.

துணி கொண்டுவருவது என் வேலை. கம்பெனி வேஸ்ட்டில் எல்லாத் துணியும் ஆகாது. பாலியஸ்டர் கலந்திருந்தால் எண்ணெயைக் குடிக்காது. ஒரு நூலை உருவித் தீயில் காட்டுவேன். சாம்பலானால் பருத்தி. உருண்டு கெட்டியானால் கலப்பு. வெள்ளைப் பருத்தியாகப் பார்த்து, உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி அடுக்கி வைப்பேன். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "பட்டாளத்துலகூட இப்படிக் குடுக்கலை" என்பார். பரிகாசமா மெய்யா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

தேர்தல் வந்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். வங்கிக் காவலர்களுக்கு விலக்கு உண்டு. ஒரு மார்கழித் தேர்தலின்போது அண்ணன் அவர்கள் கண் ஆபரேஷனுக்காக லீவில் இருந்ததால் அந்த விலக்குக் கிடைக்கவில்லை. ஸ்டேஷன் அறையில் ஓதம் ஏறும், துரு பிடிக்கும். அதனால் கண்ணில் கட்டோடு உட்கார்ந்து அவரே தடவித் தடவிக் கழற்றிக் கொடுத்து, "தொடச்சு எண்ணெய் வெச்சு வெய்யி அம்மிணி" என்று சொல்லிவிட்டு, மருந்து மயக்கத்தில் படுத்துவிட்டார்.

துடைத்தேன். பூசப் போனால் பாட்டிலில் நீடில் ஆயில் இல்லை. பாய் ஊருக்குப் போயிருந்தார். மிஷின் எண்ணெய்க் கடையில் எப்போதும் பத்து ஆண்கள் நிற்பார்கள். அங்கே போய்க் கேட்க எனக்கு வெட்கம். அவரை எழுப்பிச் சொல்லவும் மனசில்லை. காங்கேயத்துச் செக்கில் ஆட்டின தேங்காயெண்ணெய் வீட்டில் இருந்தது. எண்ணெய் எண்ணெய்தானே என்று நினைத்தேன். அண்ணனுடைய பொருளாயிற்றே என்று, விசை இருக்கிற இடத்தில் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். பார்த்துப் பழகினபடி நானே பூட்டி உறையில் போட்டு வைக்க, மறுநாள் நங்கை அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஸ்டேஷனில் ஒப்படைத்தார்.

ஒரு மாதத்துக்கு மேல் துப்பாக்கி ஸ்டேஷனில் இருந்தது. திருப்பிக் கொடுத்த அன்றைக்கே வங்கியில் காவலர்களின் துப்பாக்கிப் பரிசோதனை. அண்ணன் அவர்கள் வீட்டுக்கு வராமல் நேரே அங்கே கொண்டுபோனார்கள். குளிரில் எண்ணெய் உறைந்து, தூசியோடு சேர்ந்து மெழுகாகிப் போயிருந்ததாம். விசையை இழுத்தால் இறங்கவில்லை. சோதிக்க வந்த அதிகாரி விரலால் வழித்து முகர்ந்து பார்த்து, "என்ன பெரியவரே, துப்பாக்கிக்குத் தலை சீவி உட்டிருக்கீங்களா?" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். யார் வைத்தது என்று கேட்டதற்கு அண்ணன் அவர்கள், "நாந்தானுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் துப்பாக்கியைக் கழற்றினார். நான் கதவோரம் நின்றேன். விசையில் இருந்த மெழுகை நகத்தால் சுரண்டினார். பிறகு தலை நிமிராமலே சொன்னார்:

"தலைக்கு வெக்கற எண்ணெயை இதுக்கு வெச்சுப்போட்டயா?"

நான் காலி டானிக் பாட்டிலை எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன்.

"போச்சாது உடு. பாட்டில் காலியானத நானு பாத்திருக்கோணும். ஆருகிட்டயும் நீ சொல்லோண்டாம்."

நான் சொல்லவில்லை. நங்கைக்குக்கூடச் சொல்லவில்லை.

அதன் பிறகு பதினோரு வருஷம் ஒரு பனியன் கம்பெனி கேட்டில் தடியும் விசிலும் வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். துப்பாக்கி வீட்டிலேயே இருந்தது. லைசென்ஸை மட்டும் தவறாமல் புதுப்பித்தார்கள். முதல் ஞாயிறும் தவறவில்லை. அந்தச் சம்பவத்துக்கு அடுத்த முதல் ஞாயிறு துடைத்து முடித்ததும் நீடில் ஆயில் பாட்டிலை என் பக்கம் தள்ளி, "இந்தா, நீயே வெய்யி" என்றார். அன்று முதல் கடைசிப் பூச்சு நான்தான் பூசினேன்.

வங்கியில் நடந்தது எப்படியோ சொந்தக்காரர்கள் காதுக்கு வந்துவிட்டது. கல்யாண வீட்டுப் பந்தியில், "நம்ம மிலிட்டரி துப்பாக்கியத் தேங்காயெண்ணெயில தாளிச்சவரு, அவருக்கு ரசம் பாத்து ஊத்துங்க" என்பார்கள். அண்ணன் அவர்களும் கூடச் சிரிப்பார்கள். நான் அந்தப் பந்தியில் தலை குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

போன வருஷம் மூச்சுக் கோளாறு அதிகமாகி நாற்பது நாள் படுக்கையில் இருந்தார்கள். யாருக்கும் அதிகம் வேலை வைக்கவில்லை. கடைசி முதல் ஞாயிறன்று கட்டிலில் படுத்தபடியே விரலை நீட்டி, நான் பூசின குழலைத் தொட்டுப் பார்த்து, "செரியா இருக்குது" என்றார்கள். மறுவாரம் காலமானார்கள்.

லைசென்ஸ்காரர் போய்விட்டால் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டும். அண்ணன் மகனோடு நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். வாங்கின போலீஸ்காரர் குழலுக்குள் பார்த்துவிட்டு, இத்தனை பழசு இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை, யார் பராமரித்தது என்று கேட்டார். அண்ணன் மகன் "அப்பாதானுங்க" என்றான். நான் ரசீதை வாங்கி மடித்துப் பையில் வைத்தேன்.

காரியத்தன்று சாப்பாட்டில் ஒருவர் மறுபடியும் தேங்காயெண்ணெய்க் கதையைச் சொன்னார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, பாசத்தில் சொன்னதுதான். ஆனால் சிரித்துக் காட்ட அண்ணன் அவர்கள் அங்கே இல்லை. இந்த ஒரு வருஷமாக எனக்கு அதுதான் நினைப்பு. துப்பாக்கிக்குத் தேங்காயெண்ணெய் வைத்தது அண்ணன் அவர்கள் இல்லை. சொல்லக்கூடாது என்றவர் இப்போது இல்லாததால் சொல்கிறேன்.

படுக்கையில் இருந்த நாளில் தினமும் வந்து பார்த்த பாய்க்கும், ஆக்சிஜன் சிலிண்டரை மாடிக்குத் தூக்கிக் கொடுத்த பக்கத்து லைன் வீட்டு வடநாட்டுக்காரர்களுக்கும், அவிநாசிபாளையத்திலிருந்து பால் கொடுத்தனுப்பிய சம்பந்தி வீட்டாருக்கும், தூக்கமில்லாமல் பார்த்துக்கொண்ட நங்கைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதில் வருஷக் கணக்கும் எண்ணெய்ப் பங்கும் தப்பியிருக்கலாம். மூன்றுக்கு ஒன்றா நாலுக்கு ஒன்றா என்று பாயிடம் கேட்டு, பட்டாளத்து விவரத்தை டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பார்த்து, அச்சுக்குப் போகுமுன் அண்ணன் மகன் திருத்திவிட வேண்டும். தேங்காயெண்ணெய் விஷயத்தை மட்டும் யாரிடமும் கேட்க வேண்டாம். அது எனக்குத் தெரியும்.

தங்கை