அக்கா என் கையில் தேடிய மின்சாரம்

பிள்ளைகளே, உங்கள் அக்கா அப்படி என்னதான் வேலை செய்கிறா என்று நீங்கள் இரண்டு பேரும் அப்பாவைக் கேட்டபடியே இருக்கிறீர்கள். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் ஆணி, பெயின்ட் விற்க வந்தவன். எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

விரலை மடக்கும்போது கைத்தசையில் மிக மெல்லிய மின்சாரம் ஓடுமாம். தோலில் ஒட்டும் ஒரு மெல்லிய தாளால் அதைப் பிடித்துத் திரையில் கோடாகக் காட்டுவதுதான் அக்காவின் ஆராய்ச்சி. பக்கவாதம் வந்தவரின் கை தேறுகிறதா என்று அந்தக் கோட்டைப் பார்த்து அறியலாம். பௌதிகம் படித்தவள் உடம்புக்குள் போய்விட்டாள். அதற்கு உயிர் இலத்திரனியல் என்று பெயர்.

இளம் ஆட்களின் கைகளில் அந்தத் தாள் வேலை செய்தது. வயதானவரின் கையிலும் செய்யும் என்று திங்கட்கிழமை பேராசிரியருக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆராய்ச்சியை நிறுத்திவிடுவார்கள். அதனால் சனிக்கிழமை என் வயதான கையைக் கொடுக்க நான் கடைக்கு லீவு போட்டு, வெள்ளவத்தை வீட்டிலிருந்து அவளோடு பஸ் ஏறிப் பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்குப் போனேன்.

தாளை ஒட்டி விரலை மடக்கச் சொன்னாள். கோடு கண்டபடி துள்ளியது. தாள் ஓரத்தால் கழன்றது. புதிதாக ஒட்டியதும் கழன்றது.

“விடுங்கோ அப்பா. மாமி சொன்ன மாதிரி பேங்க் வேலைக்கே போயிருக்கலாம்.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“மாமியிட்ட மட்டும் இதைச் சொல்லிப்போடாதை. வெள்ளவத்தை முழுக்கச் சொல்லித் திரிவா.”

சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தவள், தன் விரல்களை உரசிப் பார்த்தாள்.

“எண்ணெய் வச்சு முழுகினீங்களோ?”

“ஓம். இண்டைக்குச் சனியெல்லோ. உன்ரை கம்பசுக்கு ஊத்தையாவே வாறது?”

“ஐயோ அப்பா!”

ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு ஒட்டினாள். மடக்க மடக்கக் கோடு ஒழுங்காக எழும்பியது. ஆனால் அவள் சந்தோசப்படவில்லை.

“பக்கவாதக்காரருக்கு வீட்டிலை ஒவ்வொரு நாளும் தைலமெல்லோ தேய்க்கினம். ஒவ்வொரு தரமும் துடைச்சுவிட ஆர் நிக்கிறது?”

திங்கட்கிழமை நல்ல பதிவை மட்டும் கொண்டுபோயிருக்கலாம். கெட்டுப்போனதையும் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அன்று எனக்குக் கடையில் வேலை ஓடவில்லை. பேராசிரியர் கெட்டதைத்தான் கனநேரம் பார்த்தாராம். பிறகு, இதைச் சரிசெய்வதுதான் இனி உன் வேலை என்றாராம்.

அந்த வேலை இன்னும் முடியவில்லை. எண்ணெய்த் தோலில் தாள் கொஞ்ச நேரம் நிற்கிறது, பிறகு வழுக்கிவிடுகிறது. சில பின்னேரங்களில் செருப்பைக் கழற்றும்போதே, “இண்டைக்குத் தாள் கூடுதல் நேரம் நிண்டது அப்பா” என்கிறாள்.