தோற்கத் தெரியாத தீப்பெட்டிகள்

ஆறு வருஷ வேலையில் ஸ்டெல்லாமேரிக்குக் கிடைத்த ஒரே அதிகாரம், கம்ப்யூட்டர்களைப் போர்த்தியிருக்கும் நீலக் கட்டம் போட்ட துணியை மாதம் ஒருமுறை வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்துக் கொண்டுவருவது. நெல்லித்தோப்பில் அந்தப் பள்ளிக்கூடத்தில் அவள் கம்ப்யூட்டர் டீச்சர். நான்கு கம்ப்யூட்டர்கள், அதில் இரண்டு ஓடும். அறைச் சாவி தலைமை ஆசிரியர் புருஷோத்தமனின் மேஜை டிராயரில் இருந்தது. கேட்டால், "பசங்க கை வச்சா கெட்டுடும்மா" என்பார். கெட்டுப்போகாமல் வைத்திருந்து அவற்றை எந்தக் கண்காட்சிக்கு அனுப்பப்போகிறாரோ, கடவுளுக்கே வெளிச்சம். பிள்ளைகள் தாளில் கீபோர்டு வரைந்து, அதன்மேல் விரலால் தட்டிப் பழகினார்கள்.

உழவர்கரையில் பிறந்து, சிஸ்டர்கள் பள்ளிக்கூடத்தில் படித்து, கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவள் அவள். வேலை காண்டிராக்ட்தான். ஒவ்வொரு ஜூன் மாதமும் 'இன்னும் ஒரு வருஷம்' என்று ஆர்டர் வரும்வரை நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருப்பாள். முப்பத்தைந்து வயதில் முன்நெற்றி நரைத்ததற்கு அந்த ஜூன்கள்தான் காரணம் என்பது அவளுடைய கணக்கு.

2006-ல் எட்டாம் வகுப்புப் புத்தகத்தின் கடைசிப் பாடமாக 'செயற்கை அறிவு' வந்து சேர்ந்தது. மொத்தமே ஏழு வரி. முதல் ரேங்க் எடுக்கும் மெரின் எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள்: "இயந்திரம் மனிதனைப் போல் சிந்திப்பது செயற்கை அறிவு எனப்படும்."

"சரி, அப்படின்னா என்ன?"

"இயந்திரம் மனிதனைப் போல் சிந்திப்பது, டீச்சர்."

"அதான் என்னன்னு கேக்கறேன்."

மெரின் மறுபடியும் கண்ணை மூடினாள். ஸ்டெல்லாமேரி தலையில் அடித்துக்கொண்டாள்.

வழி கிடைத்தது ஒரு பழைய பத்திரிகையில். பிரான்சில் இருக்கும் அவளுடைய சித்தப்பா அலெக்சாண்டர் ஊருக்கு வரும்போதெல்லாம் சாக்லேட்டோடு பிள்ளைகளுக்கான அறிவியல் பத்திரிகைகளையும் கொண்டுவந்து போடுவார். சிஸ்டர்களிடம் அடி வாங்கிப் படித்த பிரெஞ்சு நல்லவேளையாக மறந்துவிடவில்லை. கம்ப்யூட்டர் இல்லாமலே, வெறும் தீப்பெட்டிகளை வைத்துத் தானாகக் கற்றுக்கொள்ளும் ஒரு 'மிஷின்' செய்வது எப்படி என்று அதில் படம் போட்டிருந்தது.

ஆட்டம் லேசானது. மேஜையில் பத்துத் தீக்குச்சிகள். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஒன்றோ இரண்டோ எடுக்க வேண்டும். கடைசிக் குச்சியை எடுப்பவருக்கு ஜெயம். ஒரு பக்கம் ஒரு பிள்ளை. எதிர்ப்பக்கம், ஒன்று முதல் பத்துவரை எண் எழுதிய பத்துக் காலித் தீப்பெட்டிகள். அதுதான் மிஷின். ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று சிவப்பு மணி, மூன்று நீல மணி. மிஷினின் முறை வரும்போது மேஜையில் ஏழு குச்சி இருந்தால், ஏழாம் பெட்டியைக் குலுக்கிப் பார்க்காமல் ஒரு மணி எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் ஒரு குச்சி, நீலம் வந்தால் இரண்டு; ஒரே குச்சிதான் மிச்சம் என்றால் எந்த நிறம் வந்தாலும் ஒன்று. மிஷின் ஜெயித்தால், எடுத்த மணிகளைத் திருப்பிப் போட்டு, அதே நிறத்தில் இன்னொன்றும் பரிசாகச் சேர்க்க வேண்டும். தோற்றால், எடுத்த மணிகள் வெளியே. எந்தப் பெட்டியையும் காலியாக மட்டும் விடக்கூடாது.

முதல் வாரம் மிஷின் செம அடி வாங்கியது. பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் சிரிப்பு குறைந்தது. மூன்றாவது வாரம் மெரினே தோற்றுவிட்டு, "டீச்சர், பெட்டிக்கு மூளை வந்துடுச்சு!" என்று அலறினாள். மணிகளைப் போட்டு எடுக்கும் வேலை, மூலக்குளத்திலிருந்து வரும் பூர்ணிமாவுக்கு. கணக்கில் எப்போதும் ஃபெயில்; வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. இந்தப் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு தேவையா, இல்லையா என்று பார்த்து எழுத ஓர் அதிகாரி வருகிறாராம். தேவையில்லை என்று அவர் எழுதினால் ஜூன் மாதம் ஸ்டெல்லாமேரி வீட்டில்தான்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கென்று அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. அதிகாரி கேள்வி கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. டீச்சர் வலது கையாகப் பார்த்து எழுப்புவார். அதிகாரியின் கண்ணுக்கு வகுப்பு முழுக்க மேதைகள். புருஷோத்தமன் இதை வருஷா வருஷம் ஒத்திகை பார்ப்பார். இந்த வருஷம் தீப்பெட்டிக்கும் அதே வைத்தியம் பார்க்க வந்தார்.

"மிஷின் தோக்கக் கூடாதும்மா. அதிகாரி முன்னால தோத்தா அசிங்கம்."

"தோத்தாதான் சார் அது கத்துக்கும். நாளைக்கு எல்லாத்தையும் மொதல்லேருந்து தொடங்கப்போறேன். தோத்துத் தோத்துக் கத்துக்கிறதத்தான் அவர் பாக்கணும்."

"தோக்குறத காட்டுறதுக்கா ஒரு மனுஷனக் கூட்டிட்டு வரோம்? உன் வேலைக்குத்தாம்மா சொல்றேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக வகுப்புக்குப் போய், "பூர்ணிமா, எல்லாப் பெட்டியிலயும் பழையபடி மூணு சிவப்பு, மூணு நீலம் போட்டு வை" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

மறுநாள் அதிகாரி தேவதாஸ் வந்தார். நிதானமான ஆள். தீப்பெட்டிகளைப் பார்த்ததும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மிஷினே மொதல்ல ஆடட்டும் சார்" என்று புருஷோத்தமன் முந்திக்கொண்டார். தேவதாஸ் எதிரே உட்கார, மிஷினுக்காக மெரின் பெட்டிகளைக் குலுக்கி ஆடினாள்.

மிஷின் ஜெயித்தது. இரண்டாம் ஆட்டமும் ஜெயித்தது. மூன்றாவதும் ஜெயித்தபோது புருஷோத்தமன் கை தட்டினார், வகுப்பு மொத்தமும் தட்டியது. ஸ்டெல்லாமேரி மட்டும் தட்டவில்லை. ஆறு மணி இருக்கும் பெட்டி சலசல என்று குலுங்கும். இது 'டக், டக்' என்றது. ஒரே ஒரு மணியின் சத்தம்.

பிள்ளைகள் தப்பான மணிகளை எல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். மூன்று வாரம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியது எதற்கு! வலது கை, இடது கை வித்தையைத் தீப்பெட்டிக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டார்களே என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"நல்லா இருக்கே. இந்தத் தடவ நான் மொதல்ல ஆடறேன்" என்றார் தேவதாஸ். ஒரு குச்சியை எடுத்தார். மேஜையில் ஒன்பது இருந்தன.

மெரின் ஒன்பதாம் பெட்டியைக் குலுக்கினாள். சத்தமே இல்லை. திறந்தாள். காலி.

புருஷோத்தமன் கைக்குட்டையை எடுத்தார். தேவதாஸ் பெட்டியை வாங்கித் தலைகீழாகத் தட்டினார். "இதுல ஏன் மணி இல்ல?"

மெரினின் வலது கை பாதி உயர்ந்து இறங்கிவிட்டது. புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. கடைசி பெஞ்சில் ஒரே ஒரு கை உயர்ந்தது. பூர்ணிமா. இடது கை.

இடது கையைப் பார்க்காத மாதிரி இருந்துவிட வேண்டும் என்பதுதான் ஒத்திகை. புருஷோத்தமன் கண்ணாலேயே வேண்டாம் என்றார். வேலை போனால் போகிறது என்று அந்த ஒரு நிமிஷம் ஸ்டெல்லாமேரிக்குத் தோன்றியது. "சொல்லு, பூர்ணிமா" என்றாள்.

"அதுல எத எடுத்தாலும் தோத்துடும் சார். ஒண்ணு எடுத்தா நீங்க ரெண்டு எடுப்பீங்க. ரெண்டு எடுத்தா நீங்க ஒண்ணு எடுப்பீங்க. ஆறாம் பெட்டியும், மூணாம் பெட்டியும் அப்படித்தான். அதான் மூணுலயும் ஒண்ணும் போடல."

"மத்த பெட்டியில?"

"சரியானத மட்டும் விட்டுட்டு மிச்சத்த நான்தான் எடுத்துட்டேன். டீச்சர் சொல்லல. மிஷின் தோத்தா டீச்சர அனுப்பிடுவாங்கன்னு, நேத்து டீச்சர் போனப்புறம் ஹெச்.எம். சார் வந்து சொன்னாரு."

ஸ்டெல்லாமேரி மற்றப் பெட்டிகளைத் திறந்து பார்த்தாள். ஏழில் சிவப்பு, எட்டில் நீலம், பத்தில் சிவப்பு. ஒன்றுகூடத் தப்பில்லை. தீப்பெட்டி கற்றுக்கொண்டதோ இல்லையோ, இந்தப் பெண் மொத்த ஆட்டத்தையும் கற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"இவ்ளோ தெரிஞ்சவ எதுக்குடி இடது கையத் தூக்கின?"

"நான் எப்பவும் அந்தக் கைதான் டீச்சர்."

ஸ்டெல்லாமேரி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, எழுதாத பலகையைத் துடைத்தாள். தேவதாஸ் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, கம்ப்யூட்டர் அறையையும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் மாதம் ஆர்டர் வந்தது. இன்னும் ஒரு வருஷம். தேவதாஸ் என்ன எழுதினாரோ, மேலே எத்தனை மேஜை தாண்டி என்ன ஆனதோ, காரணம் என்று ஒரே ஒரு வரி இருந்தது: 'நான்கு கணினிகளும் தூசு படியாமல் துணியிட்டு நன்முறையில் பராமரிக்கப்பட்டு வருகின்றன.' தீப்பெட்டியைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பூர்ணிமாவைப் பற்றியும் இல்லை.

"பாத்தியாம்மா, நீ துணி தொவச்சது வீண் போகல" என்றார் புருஷோத்தமன், மனசார.

அந்த வாரம் துணியைத் துவைக்க எடுத்துப் போன ஸ்டெல்லாமேரி திருப்பிக் கொண்டுவரவில்லை. திங்கட்கிழமை சத்தம் கேட்டு எட்டாம் வகுப்பு வாசலில் வந்து நின்ற புருஷோத்தமனுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. புதுப் பிள்ளைகள் நாற்பத்திரண்டு பேர் கையிலும், நீலக் கட்டம் போட்ட ஆளுக்கொரு சுருக்குப்பை. மூன்று சிவப்பு மணி, மூன்று நீல மணி என்று எண்ணி எண்ணிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்ட பூர்ணிமா பெஞ்சு பெஞ்சாக நடந்து சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

"கம்ப்யூட்டர்ல தூசி விழுமேம்மா!" என்றார் அவர்.

"விழட்டும் சார். சாவியக் குடுங்க, தொடச்சிக்கிறோம்" என்று ஸ்டெல்லாமேரி கையை நீட்டினாள்.