சுவரில் விழுந்த மூன்று சூரியன்கள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் வரும். ஐந்தாவதோடு தறியில் உட்கார்ந்தவன் நான். பொறுத்துப் படியுங்கள்.

சூரிய கிரகணம் வருகிறது என்றதும் அதைப் பார்த்தே தீரவேண்டும் என்று என் மகள் துடித்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி, பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். என் மனைவியோ, "கிரகணம் வுடற வரைக்கும் ஜன்னலக்கூட தொறக்கக் கூடாது" என்று முடித்துவிட்டாள்.

மகள் என்னைப் பிரௌசிங் சென்டருக்கு இழுத்துப்போனாள். இணையத்தில் நண்பர்கள் கூடிப் பேசும் ஒரு பக்கத்தில் வானியல் விஞ்ஞானி ஒருவர் தமிழிலேயே எழுதுகிறாராம். யார் கேட்டாலும் பதில் போடுவாராம்.

"நீயே கேளுப்பா."

கடையில் மீதிச் சில்லறை கேட்கவே எனக்குக் கூச்சம். நான் முணுமுணுத்ததை அவள் தட்டினாள்: கர்ப்பிணி பார்க்கலாமா?

மறுநாளே பதில் வந்துவிட்டது! குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் யாருமே சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது, கண் கெட்டுவிடும். அட்டையில் சின்னதாக ஓர் ஓட்டை போட்டு, அதன் வழியே வெயிலைச் சுவரில் விழவிட்டுப் பாருங்கள்.

ஓட்டை அட்டைக்கா என் வீட்டில் பஞ்சம்? புடவையில் பூ விழுவதற்காகத் தறிக்கு மேலே தொங்குவதெல்லாம் அதுதானே! ஜன்னல் அடைத்தபடியே இருக்கும் என்றதால் மனைவியும் சம்மதித்தாள்.

அன்று விடிந்ததும் மாடி அறையின் கிழக்கு ஜன்னலைப் போர்வையால் அடைத்து, நடுவில் அட்டையைச் செருகினேன். இருப்பதிலேயே ஓட்டை அதிகமுள்ள அட்டை. அத்தனை சூரியன் தெரியுமே என்ற ஆசை. எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று கலந்து, சுவரில் விழுந்ததோ வெறும் வெளிச்சத் திட்டு.

"ஒரு ஓட்டன்னுதானே சொன்னாரு! நீ இன்னாப்பா, கல்யாணப் பொடவைக்கு அட்ட கட்டிக்கினு நிக்கிற?" சிரித்தாலும் அவள் கண் கலங்கிவிட்டது. கிரகணம் விட்டுக்கொண்டிருந்தது. காகிதத்தைக் கிழித்து ஒட்டி, தள்ளித் தள்ளி மூன்று ஓட்டைகளை மட்டும் விட்டேன்.

சுவரில் மூன்று பிறைகள்!

மகள் கிட்டே போனாள். ஒரு பிறை அவள் வயிற்றில் ஏறியது. "அய்யோ, தள்ளுடி!" என்று மனைவி பாய்ந்து கையால் மறைத்தாள். பிறை அவள் புறங்கையில் உட்கார்ந்தது. அவள் கையை எடுக்கவேயில்லை.

"ஏன்யா, சுடவே இல்லியே!"

மாலையே பிரௌசிங் சென்டருக்கு ஓடினோம். இந்த முறை நான் சத்தமாகச் சொல்ல, மகள் தட்டினாள். விஞ்ஞானி எழுதினார்: "எங்கள் ஊரில் மேகம் மூடிவிட்டது. நான் ஒன்றுமே பார்க்கவில்லை. நீங்கள் பார்த்ததை உங்கள் கையாலேயே எழுதி, ஸ்கேன் எடுத்து அனுப்புங்கள். எல்லோரும் படிக்கட்டும்."

எல்லோருமா! கூச்சத்தோடு மல்லுக்கட்டி, ஒருவழியாக எழுதிவிட்டேன்.

ஆகஸ்ட் 2, 2009, ஞாயிற்றுக்கிழமை.